செத்த மூக்கோடு குடித்த பீர்

ஒரு பொம்பளை பீர் குடித்ததை வெட்கமில்லாமல் எழுதுகிறாளே என்று முகம் சுளிப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பட்டப்பகலில், வாசல் கதவு திறந்திருக்கக் குடித்தேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நான் ஒளித்துக்கொண்டிருந்தது வேறொன்றை.

எனக்கு வாசனை தெரியாமல் போய் அன்றைக்கு ஒன்பது வாரம்.

மூக்கு போனால் மற்றவர்களுக்கு ரசம் ருசிக்காது, மல்லிகை மணக்காது. கஷ்டம்தான், ஆனால் சமாளித்துக்கொள்வார்கள். என் பிழைப்பே மூக்கில் இருந்தது. மைசூரில் ஒரு ஊதுபத்திக் கம்பெனியில் இருபத்து நான்கு வருடமாக வேலை செய்கிறேன். முதல் ஒன்பது வருடம் தரையில் சம்மணம் போட்டுப் பத்தி உருட்டினேன். முழங்கால் அப்போதே போய்விட்டது. ஒருநாள் கலவை ரூமிலிருந்து வந்த வாசத்தை வைத்து, "செண்பகம் தூக்கலா இருக்குது, யாரோ ரெண்டு தடவை ஊத்திட்டாங்க" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன். போய்ப் பார்த்தால் அப்படித்தான் நடந்திருந்தது. பழைய முதலாளி என்னைத் தரையிலிருந்து எழுப்பி அந்த ரூமில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அவர் இறந்த பிறகு அவர் மகன் முதலாளி. நான் அதே நாற்காலியில் இருந்தேன்.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பார்கள். பல எண்ணெய்களைக் கலந்து டிரம்மில் வைத்திருப்பார்கள். வாசமில்லாத வெறும் பத்திக் கட்டுகளை அந்தக் கலவையில் முக்கிக் காயவைத்தால் ஊதுபத்தி. முக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு டிரம்மும் என்னைத் தாண்டிப் போக வேண்டும். நீளமான காகிதத் துண்டில் ஒரு சொட்டு தொட்டு மூக்கருகே பிடிப்பேன். 'ஆகட்டும்' என்பேன், இல்லையென்றால் 'வேண்டாம்' என்பேன். இந்த இரண்டு வார்த்தைக்குத்தான் சம்பளம். நான் வேண்டாம் என்ற டிரம்மை முதலாளிகூடத் தொடமாட்டார்.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாள் இருந்தது. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் சளி என்று நினைத்தேன். ஆவி பிடித்தேன். தைலத்தை விரலில் எடுத்து மூக்குக்குள்ளேயே தடவினேன். எரிந்தது. எரிச்சல் தெரிந்தது, தைலம் தெரியவில்லை. யாருக்கும் சொல்லாமல் ஒரு காது மூக்கு டாக்டரிடம் போனேன். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல எதற்கு டாக்டர்? நானே சொல்லிக்கொள்வேனே. கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, தைலம், இந்த நாலையும் காலையும் மாலையும் மோந்து பழகச் சொன்னார்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறார். நல்ல மனிதர், ஆனால் ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. அவருக்குத் தெரிந்தால் பங்குச் சாமியாருக்குத் தெரியும். சாமியாருக்குத் தெரிந்தால் செவ்வாய்க்கிழமை ஜெபத்தில் என் மூக்குக்காக ஒரு நிமிஷம் ஒதுக்குவார். அந்த ஜெபத்துக்கு வருகிற நாலு பெண்கள் எங்கள் கம்பெனி பேக்கிங்கில் இருக்கிறார்கள். அப்புறம் எனக்கு ஜெபம் எதற்கு?

அந்த ஒன்பது வாரம் எப்படிப் போனது என்று சொல்கிறேன். பால் கருகியதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். என் உடம்பு நாறுகிறதா என்று தெரியாமல் நாளைக்கு மூன்று தடவை குளித்தேன். அவர் சட்டையை எடுத்து முகத்தில் அழுத்திப் பார்த்தேன். துணி துணியாக இருந்தது, அவ்வளவுதான். திருவிழா பூசையில் சாம்பிராணிப் புகை நேராக முகத்துக்கு வந்து கண்ணை எரித்தது. மூக்கில் வெறும் காற்று. பீடத்தைப் பார்த்து, 'உனக்கு வேற ஆளே கிடைக்கலியா? ஊர்ல எத்தனையோ பேரு மூக்கை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காங்களே' என்று கேட்டேன். மனசுக்குள்தான். ஆனால் கோபமாகத்தான் கேட்டேன்.

கம்பெனியில் நடித்தேன். பழைய கலவைகளுக்கு நோட்டில் அளவு இருக்கிறது. அளந்து ஊற்றுகிறவளின் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எண்ணெயின் நிறத்தைப் பார்ப்பேன். விரலில் தேய்த்துப் பிசுக்கு எப்படி என்று பார்ப்பேன். முக்குகிற பெண்களில் ஒருத்திக்கு மல்லிகைக் கலவை பக்கத்தில் வந்தாலே தும்மல் வரும். அவள் தும்மினால் 'ஆகட்டும்' என்பேன். கேவலம்தான். அப்படித்தான் ஒன்பது வாரம் சம்பளம் வாங்கினேன்.

வீட்டில் யாருமில்லாத நேரத்தில் டாக்டர் சொன்ன பயிற்சியையும் செய்தேன். கிராம்பும் எலுமிச்சையும் இந்த மூக்கை என்ன செய்யும் என்று, கம்பெனியிலிருந்து சுத்தமான எண்ணெய்களை மாத்திரை டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தேன். கலக்காத சரக்கு. ஒரு சொட்டு விழுந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். விருந்தாளிக்கென்று அலமாரியில் வைத்திருந்த ஆறு கண்ணாடி கிளாசில் ஆறு எண்ணெய் விட்டு, தட்டு போட்டு மூடி, ஒவ்வொன்றாகத் திறந்து மோந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல, "செண்பகம், ரோஜா, தாழம்பூ" என்று பேரைச் சொல்லிச் சொல்லி மோந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் டியூட்டி முடிந்து வருவதற்குள் கழுவிக் கவிழ்த்துவிடுவேன்.

பழைய கலவைகளை வைத்து இன்னும் ஆறு மாதம்கூட ஓட்டியிருப்பேன். ஆனால் ஒரு திங்கட்கிழமை வந்தது. ஈரோட்டிலிருந்து எங்களிடம் நிறைய சரக்கு எடுக்கிற வியாபாரி அன்றைக்கு வருகிறார். அவருக்கு மகிழம்பூ வாசத்தில் புதுப் பத்தி வேண்டும். இரண்டு இடத்திலிருந்து இரண்டு டிரம் வந்து நின்றது. நிறத்தில் இரண்டும் ஒன்று. ஒன்றில் மட்டச் சரக்கு கலந்திருக்கிறது என்று பேச்சு. அந்த மாதிரிச் சரக்கு உடனே காட்டிக்கொடுக்காது. பத்தி கடைக்குப் போய் ஒரு மாதம் கழிந்து கொளுத்தினால் ரப்பர் எரிகிற நாற்றம் வரும். முன்கூட்டிச் சொல்ல மூக்கு ஒன்றுதான் வழி. வியாபாரியின் கண் முன்னால் நான் மோந்து, இந்த டிரம் என்று காட்ட வேண்டும். மாற்றிக் காட்டினால் அவருடைய மொத்த லோடும் குப்பை. என் நாற்காலியும் போகும்.

அதற்கு முந்தின நாள்தான் நான் சொல்லும் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பார்த்து என் தம்பி பெங்களூரிலிருந்து வந்தான்.

என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். பெங்களூரில் கிராஃப்ட் பீர் காய்ச்சுகிற சின்ன கம்பெனி ஒன்றில் தொட்டி கழுவப் போனவன், இப்போது காய்ச்சுகிறவர்களில் ஒருவன். பையிலிருந்து ஈர நியூஸ் பேப்பர் சுற்றிய இரண்டு பாட்டில்களைப் பிள்ளையை எடுப்பதுபோல எடுத்து வைத்தான்.

"அக்கா, இது கடையில விக்கிறதில்ல. என்ற சொந்த ரெசிப்பி. ஸ்ட்ராங். அடுத்த வாரம் ஓனர் டேஸ்ட் பண்றாரு. பிடிச்சிருந்தா என்னையே மெயின் ஆளாப் போட்டுருவாரு. அதுக்கு முன்னால உன்ற மூக்கு ஓகே சொல்லணும்."

"பெங்களூர்ல மூக்கு இருக்குறவங்க யாருமே இல்லியா?" என்றார் வீட்டுக்காரர். கோழி வறுக்க வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க பேசாதீங்க. உங்களுக்கு மூடி தொறந்தாப் போதும், உள்ள என்ன இருந்தாலும் குடிப்பீங்க."

"ஆமாண்டா. நான் டீசண்டான ஆளு. குடுத்ததக் குறை சொல்ல மாட்டேன்."

எனக்குத் தலைவலி என்றேன். தலைக்கும் மூக்குக்கும் என்னக்கா சம்பந்தம் என்றான். வயிறு சரியில்லை என்றேன். ஒரு வாய்தான் என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் மறுக்க முடியவில்லை. முதலாளிக்கும் வியாபாரிக்கும் பொய் சொல்வது வேறு. இவன் என் இடுப்பில் வளர்ந்தவன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்குள் ஒரு கேவலமான ஆசை இருந்தது. ஸ்ட்ராங் என்கிறானே, இதுவாவது அந்த அடைப்பை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்காதா? ஒரு நொடி, ஒரே ஒரு கீற்று வாசம் வந்தால் போதும், நாளைக்கு அந்த டிரம் முன்னால் நிற்கத் தைரியம் வந்துவிடும். ஒன்பது வாரம் எண்ணெய் செய்யாததை ஒரு வாய் பீர் செய்துவிடும் என்று நினைக்கிற அளவுக்கு வந்திருந்தேன்.

அவன் கை கழுவப் பின்பக்கம் போனான். நான் பேப்பரைப் பிரித்துப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பால்பாயிண்ட் பேனாவில் எழுதி ஒரு சீட்டு ஒட்டியிருந்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வரும். காப்பி, கோகோ, ஆரஞ்சுத் தோல், பத்து பர்சண்ட். படித்துவிட்டுப் பேப்பரைப் பழையபடி சுற்றிவைத்தேன். கை தானாகச் செய்தது. ஒன்பது வாரத்தில் திருட்டு கைக்குப் பழகிவிட்டது.

"ஸ்டீல் டம்ளர் வேண்டாக்கா. நிறம் பாக்கணும். கண்ணாடி எடு."

அலமாரியிலிருந்து மூன்று கிளாசை எடுத்துக் கொடுத்தேன். பளபளவென்று இருந்தன.

ஊற்றினான். கறுப்பு. வெளிச்சத்தில் பிடித்தாலும் கறுப்புதான். மேலே நுரை எழும்பியது, உடனே பொசுக்கென்று அடங்கிவிட்டது.

"இதென்ன, நுரை நிக்க மாட்டேங்குது? நேத்து நல்லா நின்னுச்சே." அவன் நெற்றியைச் சுருக்கினான். "பஸ்ல குலுங்குனதால இருக்கும், விடு. அக்கா, நீ மொதல்ல. நீ சொல்ற வரைக்கும் நான் தொடமாட்டேன்."

வீட்டில் எப்போதும் பத்தி வாசம் இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். என் சேலையில், தலைமுடியில், தலையணையில். அதனால் அவனுக்கு அந்த நேரத்தில் எதுவும் புதிதாகத் தெரிந்திருக்காது.

கிளாசைச் சுழற்றினேன். கலவை ரூமில் செய்வதுபோலக் கண்ணை மூடி, மூக்கை உள்ளே விட்டு இழுத்தேன். ஜில்லென்ற காற்று. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். 'மாதாவே, ஒண்ணே ஒண்ணு காட்டு.' ஒன்றுமில்லை. ஒரு வாய் குடித்தேன். நாக்கில் குத்தியது. கொஞ்சம் இனிப்பு, பிறகு கசப்பு, நிறையக் கசப்பு. விழுங்கியபின் நெஞ்சுக்குள் சூடு. அவ்வளவுதான் எனக்கு மிச்சமிருந்தது. குத்து, கசப்பு, சூடு. வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விட்டுப் பார்த்தேன், சில சமயம் அப்படித்தான் வாசம் பின்பக்கமாக வரும். வெறும் மூச்சுதான் வந்தது. அழுகை முட்டியது. அழுதால் கேட்பான். அதனால் பேசினேன்.

"காப்பி."

"ம்ம்?"

"கோகோ இருக்குது."

"அக்கா!"

"கடைசில ஆரஞ்சு. பழமில்ல. தோலு."

தொடையில் அடித்துக்கொண்டு எழுந்தான். "மாமா, கேட்டீங்ளா? தோலுங்குது மாமா! எங்காளுங்க பத்து பேரு குடிச்சானுங்க, ஒருத்தன் சொல்லல!" அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம்போல இருந்தது.

வீட்டுக்காரர் அதற்குள் ஒரு பெரிய மடக்கு குடித்துவிட்டார். விழுங்க முடியாமல் விழுங்கினார்.

"ஏண்டா, இதையா பெங்களூர்ல காசு குடுத்துக் குடிக்கிறானுங்க?"

"ஏன் மாமா?"

"பத்தி ஊறவெச்ச தண்ணியாட்டம் இருக்குதே. இப்ப நான் வாயத் தொறந்து ஊதுனா நாலு பேரு கையெடுத்துக் கும்புடுவான்."

தம்பி சிரித்துக்கொண்டே தன் கிளாசை எடுத்தான். மூக்கருகே கொண்டுபோனவன் நிறுத்தினான். சிரிப்பு போய்விட்டது. கிளாசைக் கீழே வைத்தான். என் கையிலிருந்த கிளாசை வாங்கி மோந்தான். பாட்டில் வாயை மோந்தான். எழுந்து அலமாரிக்குப் போய் மீதி மூன்று கிளாசையும் ஒவ்வொன்றாக மோந்தான். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த எண்ணெய் சாதாரணமாகக் கழுவினால் போகாது என்பது எனக்குத் தெரியாதா? கம்பெனியில் அதற்குத் தனி சோப்பு, தனி வெந்நீர் வைத்து, மூன்று தடவை கழுவி மோந்து பார்க்காமல் ஒரு பாத்திரத்தையும் விடமாட்டேன். வீட்டில் நான் கழுவி, கண்ணால் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. சுத்தம் என்று வைத்துவிட்டேன்.

"அக்கா, இந்த கிளாஸ்ல என்ன வெச்சிருந்தே?"

"ஒண்ணுமில்ல. கழுவித்தான் வெச்சேன்."

"இதுல செண்பகம். இதுல ரோஸு. உன்ற கிளாஸ்ல தாழம்பூ குப்புனு அடிக்குது. இதுக்கு மேல காப்பி எவனுக்குத் தெரியும்? எனக்கே தெரியல, காய்ச்சுனவன் நானு. உனக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது?"

"நீ சீட்டு எழுதி ஒட்டியிருந்தியே. படிச்சேன்."

அதை நான் கோபமாகத்தான் சொன்னேன். அவன்மேல் எதற்குக் கோபம் என்று எனக்கே தெரியாது.

அடுப்பில் கோழி பொரிந்துகொண்டிருந்தது.

"என்றா ஆச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"மாமா, அக்காளுக்கு வாசன தெரியல."

அவர் என்னைப் பார்த்தார். "எப்ப இருந்து?"

"ஒன்பது வாரமா."

"அப்ப... அன்னைக்கு வெச்சியே, அந்த மீன்கொழம்பு?"

"நாறுச்சா?"

"நாறுச்சு."

"அப்புறம் எதுக்குத் தின்னீங்க?"

"நீ பாட்டுக்குத் தின்னுட்டிருந்தே. சரி, எனக்குத்தான் வாய் கெட்டுப்போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான். வீட்டுக்காரர் எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்பை அணைத்தார். பிறகு குனிந்து சிலிண்டர் வாயையும் மூடிவிட்டு வந்தார். அந்த ஒன்பது வாரமும் நான் அந்த அடுப்பின் முன்னால் தனியாக நின்றிருக்கிறேன் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. அதைப் பார்த்ததும் என் வாய் திறந்துகொண்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர், தும்மல்காரி, இரண்டு டிரம், திங்கட்கிழமை.

"போய்ச் சொல்லிரு அக்கா," என்றான் தம்பி. "எங்கள்ல ஒருத்தனுக்கு இப்பிடித்தான் மூக்கு அடைச்சுது. வேற வேல குடுத்தாங்க."

"உங்க கம்பெனியில குடுப்பாங்க. என்னைத் தரைக்கு அனுப்புவான். இந்த முட்டியோட நான் மறுபடி பத்தி உருட்டணுமா? என்ற முட்டியப் பாத்திருக்கியாடா நீ?"

"உருட்டச் சொல்ல மாட்டாரு."

"உனக்கு எப்பிடித் தெரியும்? உன்னையா உருட்டச் சொல்லப்போறான்?"

"நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுரு," என்றார் வீட்டுக்காரர். "வயித்தால போகுதுன்னு நான் போன் பண்ணிச் சொல்லிர்றேன்."

"அடுத்த நாள்?"

அவர் வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டு எழுந்தார்.

"தப்பு டிரம்மக் காட்டிட்டீன்னா அந்த ஈரோட்டுக்காரரு கெட்டுப்போவாரு," என்றான் தம்பி. "அவரு உன்னய நம்பித்தான வர்றாரு? பொய் சொல்லி நீ அந்தச் சீட்டுல உக்காந்திருக்கிறதுக்குத் தரையே மேல்."

என்னைப் பார்த்து இப்படிப் பேச இவன் யார் என்று ஆத்திரமாக வந்தது. சொன்னது சரி என்பதால் இன்னும் ஆத்திரமாக வந்தது. இரண்டாவது பாட்டிலை நானே எடுத்தேன். ஸ்டீல் டம்ளரில் ஊற்றிக்கொண்டேன். நுரை நன்றாக நின்றது. மோக்கவில்லை. நேராகக் குடித்தேன்.

"எப்பிடி இருக்குது?" என்றான். பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டான்.

"கசக்குது."

"கசப்பு வேணும்தான்..."

"வேணுங்கிற அளவுக்கு மேல கசக்குது. சுண்டக்காயக் கடிச்சாப்ல கடைசி வரைக்கும் நிக்குது. வாசன தெரிஞ்சவன் அத மறந்துட்டுக் குடிப்பான். எனக்கு அது ஒண்ணுதான இருக்குது, அதனால சொல்றேன். உங்க ஓனர் மூக்கடைச்சுட்டு வந்தாருன்னா துப்பிருவாரு."

அவன் முகம் சுருங்கிவிட்டது. என்னைப் பொய் சொல்லாதே என்றவன்தான். சாயந்தரம் பஸ் ஏறும்வரை சரியாகப் பேசவில்லை. நான் அந்தப் பாட்டிலை முழுக்கக் குடித்தேன். பத்து பர்சண்ட் என்பது என்ன என்று தெரிந்தது. ஆனால் போதையில்கூட ஒரு வாசமும் வரவில்லை. பழைய வாசம் ஒன்றை நினைவிலிருந்து இழுக்கப் பார்த்தேன், மகிழம்பூ எப்படி இருக்கும் என்று. பேர் வந்தது. பூ வந்தது. அது எப்படி மணக்கும் என்பது வரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மூக்குதான் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே சேர்த்து வைத்திருந்ததும் போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை வழக்கத்துக்கு முன்னாலேயே போனேன். முதலாளி ஆபீஸ் ரூமில் தனியாக இருந்தார். என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கன்னடத்தில் பேசினோம், நான் தமிழில் எழுதுகிறேன்.

"குத்கொள்ளி அக்கா," என்று நாற்காலியைக் காட்டினார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "சார், எனக்கு மூக்கு செத்துப்போச்சு. ஒன்பது வாரமாச்சு. உங்களை ஏமாத்திக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு அந்த டிரம்மை என்னால சொல்ல முடியாது."

அவர் முதலில் சிரித்தார், சம்பளம் கூட்டிக் கேட்கத்தான் ஏதோ சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு மேசையில் இருந்த மாதிரிப் புட்டியைத் திறந்து என் முகத்தருகே நீட்டினார். நான் அவரையே பார்த்தேன். மூடி வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"யாருக்குத் தெரியும்?"

"வீட்டுல மட்டும்."

"இங்கே?"

"யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரிய வேண்டாம். நீங்க எங்கேயும் போக வேண்டாம். எப்பவும்போல உட்காருங்க, எப்பவும்போல மோந்து பாருங்க. அவர் பக்கத்தில் நான் நிற்பேன். இடது டிரம்மைக் காட்டுங்க."

"இடதுதான் நல்லதா, சார்?"

"அக்கா, இடது எனக்குக் கட்டுப்படியாகிறது."

அதைச் சொல்லிவிட்டு அவர் மேசையில் எதையோ தேடத் தொடங்கினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "உங்க முட்டிக்கு இனிமே தரையில உட்காருவது ஆகாது, எனக்கு அது தெரியும்," என்று குனிந்தபடியே சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். மிரட்டலும் அதேதான்.

ஈரோட்டு வியாபாரி பத்து மணிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை நிறைய நிலக்கடலை எனக்கென்று.

"ஏனுங்கம்மா, சௌக்கியமுங்களா? மழை பேஞ்சுதுங்களா இங்க?"

நல்லா இருக்கேங்க என்றேன். இரண்டு காகிதத் துண்டில் இரண்டு சொட்டு. இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. இடதை மோந்தேன். வலதை மோந்தேன். முதலாளி வியாபாரிக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்து நான்கு வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தேன். இரண்டு துண்டையும் வியாபாரியிடம் நீட்டினேன்.

"நீங்களே ஒருக்கா மோந்து பாருங்க."

அவர் வாங்கி ஒவ்வொன்றாக மோந்தார். 'ரப்பர் எதுன்னு சொல்லு, சொல்லித் தொலை' என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்குதுங்க. நமக்கென்னங்க தெரியும்? நீங்க காட்டுங்க, நீங்க சொன்னாச் சேரிங்க."

இடது டிரம்மைக் காட்டினேன்.

சேரிங்க என்றார். மத்தியானத்துக்குள் கட்டுக்கட்டாகப் பத்தியை அதில் முக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சாயந்தரம் தம்பி போன் செய்தான். முந்தின நாள் கோபம் போயிருந்தது. "சொல்லிட்டியாக்கா?"

"சொல்லிட்டேன்."

"நெசமாலுமா? மொதலாளிகிட்டயா?"

"அவருகிட்டத்தான். நேராப் போயி நின்னு சொன்னேன்."

"வேலைய விட்டுத் தூக்கிட்டாரா?"

"இல்ல. அதே சீட்டுலயே இருக்கச் சொல்லிட்டாரு."

அந்தப் பக்கம் பெருமூச்சு விடுவது கேட்டது. "நான் சொல்லல? நல்ல மனுஷன்க்கா அவரு," என்றான்.